எதிரியின் பெயருக்கு ஓர் அர்ச்சனை

உலகத்தின் போக்கை மாற்றிய மகாநாடுகளைப் பற்றிச் சரித்திர ஆசிரியர்கள் நிறைய எழுதியிருக்கிறார்கள். அங்கே பரிமாறிய சிற்றுண்டி எப்படி இருந்தது என்று மட்டும் ஒருவரும் எழுதவில்லை. நன்றாக இருந்திருந்தால் எழுதியிருப்பார்கள். கண்டி மணிக்கூட்டுக் கோபுரத்துக்குப் பக்கத்தில், ஒரு சாப்பாட்டுக் கடையின் மேல்மாடியில், கார்த்திகை மாதத்து ஞாயிற்றுக்கிழமை முற்பகலில் கூடிய மகாநாடு அந்தக் குறையையும் மனித குலத்தின் வேறு பல குறைகளையும் ஒருங்கே நீக்கியது. பற்றிஸ் சூடாக இருந்தது.

சமுகமளித்திருந்தோர் வருமாறு. ஸ்தாபகரும் ஆயுட்காலத் தலைவருமாகிய தியாகராஜா. அரசாங்கத் திணைக்களம் ஒன்றின் இளைப்பாறிய பிரதம இலிகிதர், யாழ்ப்பாணத்தில் பிறந்து கண்டியில் நிமிர்ந்து நடப்பவர். செயலாளர் இராமகிருஷ்ணன், கலஹாத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை, இப்போது பிலிமத்தலாவையில் இரும்புச் சாமான் கடை வைத்திருக்கிறார். சிறுவயதில் சந்தையில் வாங்கிய பழைய சட்டையில் எந்தக் கழகத்தின் சின்னம் இருந்ததோ அந்தக் கழகத்துக்கே இன்றுவரை விசுவாசமானவர்; அது இப்போது எந்தப் பிரிவில் ஆடுகிறது என்பது அவருக்கும் தெரியாது, அந்தக் கழகத்துக்கும் தெரியுமோ என்னவோ. பொருளாளர் அஸ்ஃபர், திகனவில் புடவைக்கடை முதலாளி. செயற்குழு உறுப்பினர் சுந்தரி ரீச்சர், கணிதம் படிப்பிப்பவர். அவருக்குக் கழகம் எதுவும் இல்லை, கணவரிடமிருந்து தொலைக்காட்சியின் ரிமோட்டை மீட்பதற்காகச் சேர்ந்தவர். வேறு எவரும் வரவில்லை. வேறு எவரும் தேவைப்படவுமில்லை. கொள்கை வந்திருந்தது.

ஒன்றியத்தின் பெயர் ‘அவையள் எதிர்ப்பு ஒன்றியம்’. அவையள் என்றால் யாழ்ப்பாணப் பேச்சில் அவர்கள்; இங்கே அது இங்கிலாந்தின் உதைபந்தாட்டக் கழகங்களில் ஒன்று. ஒரு காலத்தில் கிண்ணம் என்று ஒன்று எங்கே வைக்கப்பட்டிருந்தாலும் அதை எடுத்துக்கொண்டு போனவர்கள். அவர்களுடைய உண்மையான பெயரைத் தியாகராஜா தம் வீட்டில் சொல்ல விடுவதில்லை. அந்தக் குடும்பத்துப் பெண்கள் முன்னொரு காலத்தில் கணவன் பெயரைச் சொல்லாமல் இருந்தார்கள்; அது மரியாதை. இது மானம்.

அவையள் வென்றுகொண்டிருந்த அந்தப் பொற்காலத்தில் ஒன்றியத்தின் கூட்டங்களுக்கு நிற்க இடம் இருக்காது. எல்லாக் கழகத்தாரும் வந்தார்கள். ஒருவரை ஒருவர் வெறுப்பவர்கள்கூடத் தோளோடு தோள் சேர்ந்து நின்று அவையளை வெறுத்தார்கள். அப்படி ஓர் ஒற்றுமையை இந்த நாட்டில் எந்தக் கட்சியும் எந்தச் சமயமும் ஏற்படுத்தியதில்லை. பிறகு அவையள் தோற்கத் தொடங்கினார்கள். முதலில் பெரிய இடங்களில் கௌரவமாகத் தோற்றார்கள். பிறகு நடுத்தர இடங்களில் தோற்றார்கள். இப்போது எவர் வந்தாலும், வந்தவரின் மனம் நோகாமல் தோற்று அனுப்புகிறார்கள்.

அஸ்ஃபர் எழுந்து நின்றார்.

"தலைவர் ஐயா, ஒரு தீர்மானம் ஈக்கி."

"பிரேரியுங்கோ."

"அனுதாபத் தீர்மானம்."

தியாகராஜா மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "ஆர் காலமானது?"

"அவங்கதான் ஐயா. நேத்து மூணு கோல். அதுவும் யாருட்ட? ஊர் பேர் தெரியாத ஒரு டீம்ட. முந்தின காலம்டா என்ட மகன் பட்டாசு கொளுத்துவான். நேத்து சிரிக்கவும் இல்ல, டீவிய மாத்திட்டான். சிரிக்கக்கூட ஆளில்லாம மௌத்தாப்போன ஒரு டீம எதிர்க்கிறதுக்கு நாங்க ஒரு ஒன்றியம் வெச்சீக்கோம். என்னத்துக்கு?"

"எனக்கும் பாவமா இருக்கு சார்," என்றார் சுந்தரி ரீச்சர்.

தலைவர் மேசையில் தட்டினார். பற்றிஸ் தட்டு ஓர் அங்குலம் நகர்ந்தது.

"ரீச்சர், அந்தச் சொல்லை வாபஸ் வாங்குங்கோ."

"எந்தச் சொல்ல சார்?"

"பாவம் எண்ட சொல்லை. எங்களை வருசக்கணக்கா வைச்சு அடிச்சது ஆர்? அவையள். அவையள் பாவமெண்டால், அவையளிட்டை அடி வாங்கின நாங்கள் ஆர்?"



"பாவத்திலயும் பாவம்," என்றார் அஸ்ஃபர், பற்றிஸைப் பார்த்து.

"அப்ப ஒன்றியத்தக் கலைச்சிடுவோங்களா சார்?" என்று கேட்டார் இராமகிருஷ்ணன். "கலைக்கிறதுன்னா சொல்லுங்க, இந்த மேல்மாடிக்கு வேற ஆளு கேக்குறாங்களாம்."

கூட்டம் திகதி குறிப்பிடாமல் ஒத்திவைக்கப்பட்டது.

சாதாரண மனிதன் எதிரி விழுந்தால் மகிழ்வான். மகிழ்ந்து, மறந்து, வேறு வேலை பார்ப்பான். தியாகராஜா சாதாரண மனிதர் அல்லர். எதிரியின் உயரம்தான் தன்னுடைய உயரம் என்பதை உணர்ந்தவர். அத்தோடு அவருக்கு வீட்டில் ஒரு சிக்கல் இருந்தது.

இந்தக் குடும்பத்தில் கோபம் ஒரு முதுசம். வயல் போகும், வீடு போகும், கோபம் தலைமுறை தலைமுறையாகக் குறையாமல் வரும். தியாகராஜாவின் தகப்பனார் வேலியில் நட்ட ஒரு பூவரசங் கதியாலுக்காகச் சொந்த மைத்துனரோடு சாகும்வரை கதைக்கவில்லை. பாட்டனார் அவ்வளவு பெரிய காரணத்தை எல்லாம் தேடிப் போகவில்லை. ஒரு கலியாண வீட்டுப் பந்தியில் பாயசம் இன்னும் வேணுமோ என்று இரண்டாம் தரம் கேட்கவில்லை என்பது அவருக்குப் போதுமாக இருந்தது. அப்பேர்ப்பட்ட பரம்பரையில் வந்தவருக்கு ஒரு தம்பி இருந்தார். பெயர் திவாகரன். வீடு பிலிமத்தலாவையில். அவையளின் பரம ரசிகர்.

அவையள் உச்சத்தில் இருந்த ஒரு வருடம், ஆட்டம் முடியப்போகிறது, தியாகராஜாவின் கழகம் வெல்லப்போகிறது என்று எல்லோரும் எழுந்து நின்ற பிறகு, மேலதிகமாகக் கொடுத்த நிமிடங்களில் அவையள் அடுத்தடுத்து இரண்டு கோல் அடித்துக் கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு போனார்கள். மறுநாள் காலை திவாகரன் அண்ணன் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு தட்டு. தட்டில் பால்சோறு, பக்கத்தில் கட்டைச் சம்பல். இந்த நாட்டில் நல்ல காரியம் நடந்தால் அயலுக்குப் பால்சோறு கொடுப்பது வழக்கம். யாருக்கு நல்ல காரியம் என்று யோசித்துக் கொடுக்கவேண்டும். திவாகரன் யோசிக்கவில்லை. சிரித்துக்கொண்டே நீட்டினார்.

தியாகராஜா அன்று வாசலில் நின்று சொன்ன வாசகம் குடும்பத்தில் அச்சொட்டாக மனப்பாடம். "அவையள் விழவேணும். அதைப் பாத்து நீ அழவேணும். அண்டைக்குத்தான் உன்ர படலைக்குள்ளை கால் வைப்பன்."

அப்போது திவாகரனின் மகள் மதனி தொட்டிலில் கிடந்தாள். இப்போது அவளுக்குத் தை மாதக் கடைசியில் கலியாணம். இடைப்பட்ட காலம் முழுவதும் தியாகராஜா வாக்குத் தவறவில்லை. ஒவ்வொரு பொங்கலுக்கும் மதனியைத் திவாகரன் அண்ணன் வீட்டு வாசற் படலை வரைக்கும் கொண்டுவந்து விட்டுவிட்டு வீதியிலேயே நிற்பார். அவள் பெரியப்பாவின் காலில் விழுந்து கும்பிட்டுவிட்டுத் திரும்பிப் போவாள். அவ்வளவுதான் போக்குவரத்து. எவ்வளவு ஒழுங்கான குடும்பம் என்று பார்த்தவர்கள் வியந்தார்கள்.

"இஞ்சருங்கோ," என்றார் லீலாதேவி. தியாகராஜாவின் மனைவி. காய் வெட்டிக்கொண்டிருந்தார். "தம்பி நேற்றும் போன் எடுத்தவர். கன்னிக்கால் ஊண்டப் பெரியப்பாதான் வேணுமெண்டு மதனி ஒற்றைக்காலிலை நிக்கிறாளாம்."

கலியாணத்துக்குச் சில நாள் முந்தி, நல்ல நேரம் பார்த்து, பெண் வீட்டு முற்றத்தில் குடும்பத்தின் மூத்தவர் ஒரு முருக்கந்தடியை ஊன்றித் தண்ணீர் ஊற்றவேண்டும். அதுதான் கன்னிக்கால். மூத்தவர் உயிரோடு இல்லாவிட்டால் தாய்மாமன் ஊன்றலாம். மூத்தவர் உயிரோடு, நல்ல தேகசுகத்தோடு, ஏழு மைல் தூரத்தில் பேப்பர் வாசித்துக்கொண்டிருக்கத் தாய்மாமன் ஊன்றினால், அந்தத் தடியைப் பார்க்கிறவர்கள் தடியைப் பற்றிக் கதைக்கமாட்டார்கள்.

"நிபந்தனை நிறைவேறேல்லை," என்றார் தியாகராஜா.

"என்ன நிறைவேறேல்லை? அவையள்தான் ஒவ்வொரு சனிக்கிழமையும் விழுகினமே. எனக்கே தெரியும்."

"விழுந்தது காணாது. அவன் அழவேணும்."

"அழேல்லை எண்டு உங்களுக்கு ஆர் சொன்னது? போய்ப் பாத்தனீங்களோ?"

நியாயமான கேள்வி. போய்ப் பார்க்க முடியாது. படலை குறுக்கே நின்றது. ஆகவே மறுநாளே ஒன்றியத்தின் சார்பில் ‘உண்மை கண்டறியும் குழு’ ஒன்று நியமிக்கப்பட்டது. குழுவின் தலைவர், உறுப்பினர், கருத்தறிவிப்பாளர் ஆகிய பதவிகளை இராமகிருஷ்ணன் வகித்தார், ஏனென்றால் அவருடைய கடை திவாகரனின் வீட்டுக்கு இரண்டு கதவு தள்ளி இருந்தது. சனிக்கிழமை மாலை ஆட்டத்தைத் திவாகரனோடு சேர்ந்து பார்த்துவிட்டு ஞாயிறு காலையில் தியாகராஜாவின் வீட்டுக்கு வந்து கதிரையின் நுனியில் உட்கார்ந்தார்.

"நாலு கோல் சார்," என்றார் இராமகிருஷ்ணன். "அவங்க பக்கம் ஒண்ணும் இல்லைங்க."

"அது தெரியும். அவன் எப்படி இருந்தவன்?"

"நல்லா இருந்தாருங்க. சாரத்தக் கட்டிக்கிட்டு, கச்சான் கடல உரிச்சுக்கிட்டு."

"முதல் கோல் விழேக்கை?"

"‘தொடங்கீட்டாங்கள்’னாரு."

"ரெண்டாவது?"

"எனக்குக் கொஞ்சம் கச்சான் குடுத்தாரு."

"மூண்டாவது?"

"தூங்கிட்டாருங்க சார்."

"நாலாவது விழேக்கை எழும்பினவனோ?"

"நாந்தாங்க எழுப்பினேன். பாத்துட்டு, ‘அஞ்சு போகேல்லை, கெட்டிக்காரர்’னு சொல்லிட்டுத் திரும்பிப் படுத்துட்டாரு."

தியாகராஜாவின் முகம் இருண்டது. "ஒரு துளி? ஒரு துளி கண்ணீர்தன்னும்?"

இராமகிருஷ்ணன் நேர்மையானவர். "கண்ணுல தண்ணி வந்துச்சுங்க சார்."

தியாகராஜா கதிரையில் முன்னுக்கு வந்தார்.

"கச்சான்ல மொளகாத்தூள் போட்டிருந்தாங்க," என்று முடித்தார் இராமகிருஷ்ணன்.

அன்று பகல் முழுவதும் தியாகராஜா யோசித்தார். பெரிய மனிதர்கள் யோசித்தால் கொள்கை பிறக்கும், பிறந்தது. அழுவதற்கு மனிதனுக்கு முதலில் நம்பிக்கை வேண்டும். திவாகரனுக்கு நம்பிக்கை அற்றுப்போய்விட்டது. நம்பிக்கை அற்றவன் எத்தனை கோல் போனாலும் கச்சான்தான் உரிப்பான். ஆகவே திவாகரனை அழவைக்க வேண்டுமென்றால் அவையள் முதலில் எழும்ப வேண்டும். வெல்ல வேண்டும். திவாகரன் பழையபடி நெஞ்சை நிமிர்த்த வேண்டும். பிறகு விழ வேண்டும். தை முடிவதற்குள் இவ்வளவும் நடக்க வேண்டும்.

அவசரப் பொதுக்கூட்டத்தில் ‘எதிரி புனர்நிர்மாணத் திட்டம்’ சமர்ப்பிக்கப்பட்டது. எதிரியை ஒழிப்பதற்காகத் தொடங்கிய சங்கம் ஒன்று எதிரியின் உடல்நலத்தைப் பற்றி இவ்வளவு கரிசனையோடு ஆராய்ந்ததை நினைக்கும்போது உள்ளம் உருகுகிறது.

"நல்ல கோல் கீப்பர் ஒண்டு இல்லாததுதான் அவங்கட வருத்தம்," என்றார் அஸ்ஃபர். "கைய நீட்டினா பந்து வருது, பந்து வந்தா கைய எடுக்கிறான்."

"கோச்சுக்கு ஒரு ஈமெயில் போட்டா என்னங்க?" என்றார் இராமகிருஷ்ணன். "நம்ம விரோதிங்க, இருந்தாலும் நல்லதுக்குச் சொல்றோம்னு ஆரம்பிக்கலாம்."

"கோயில்ல ஒரு அர்ச்சன பண்ணிப் பாக்கலாம் சார்," என்றார் சுந்தரி ரீச்சர். "பரீட்சைக்கு ஃபெயிலாப்போற பிள்ளைங்களுக்கெல்லாம் செய்றாங்க."

"எதிரியின்ர பேரிலை அர்ச்சனை செய்யிறது கொள்கைக்கு விரோதம்," என்று தலைவர் தீர்ப்பளித்தார். "நான் உயிரோடை இருக்குமட்டும் நடவாது."

தைப்பொங்கலுக்கு மறுநாள் காலை அவர் வேட்டி சால்வையோடு பிள்ளையார் கோவிலில் அர்ச்சனைத் தட்டை ஏந்தி வரிசையில் நின்றார். உயிரோடுதான் இருந்தார்.

குருக்கள் தட்டை வாங்கினார். "ஆற்ற பேருக்கு ஐயா?"

"அவையளின்ர பேருக்கு."

"எவையளின்ர?"

தியாகராஜா இரண்டு பக்கமும் பார்த்தார். "கொஞ்சம் கஷ்டத்திலை இருக்கினம். இங்கிலாந்திலை."

"பிள்ளையளோ?"

"இல்லை, இல்லை. பிள்ளையள் இல்லை."

"நட்சத்திரம்?"

"தெரியாது."

"ராசி?"

"அதுவும் தெரியாது ஐயா. இப்ப நடக்கிறது ஏழரைச் சனி எண்டு மட்டும் தெரியும்."

"அப்ப சுவாமியின்ர பேருக்கே செய்து விடுவம். பேர் நட்சத்திரம் தெரியாத ஆக்களுக்கு அப்படித்தான் செய்யிறது."

வேறு யாராவது என்றால் தலையை ஆட்டியிருப்பார்கள். தியாகராஜா முப்பது வருடம் அலுவலகக் கோவைகளைக் கையாண்டவர். "பலன் வேறை இடத்துக்குப் போயிடாதோ?"

"பிள்ளையார் பிரிச்சு அனுப்புவார்."

"இல்லை ஐயா. விலாசம் சரியா இருக்கவேணும்."

பின்னால் நின்ற ஓர் அம்மாள் இருமினார். குருக்கள் காத்து நின்றார். பிள்ளையாரும் அவசரப்படவில்லை. தியாகராஜா குனிந்து, மதனியின் வயதளவு காலமாகத் தம் வாயால் சொல்லாத அந்தப் பெயரைக் குருக்களின் காதில் சொன்னார். குருக்கள் காதில் வாங்கியதை ஓங்கிய குரலில் வெளியே விட்டார். அந்த ஆங்கிலப் பெயருக்குப் பின்னால் ‘நாமதேயஸ்ய’ என்று ஒரு வால் சேர்த்து, ‘சக குடும்பஸ்ய’ என்று விளையாட்டு வீரர் எல்லோரையும் உள்ளே கொண்டுவந்து, க்ஷேமம், தைரியம், விஜயம், ஆயுள், ஆரோக்கியம் என்று பயிற்றுநர் ஒருவரும் கேட்கத் துணியாத அவ்வளவையும் கேட்டார். கோவிலின் கல்லில் பட்டு அந்தப் பெயர் இரண்டு தரம் எதிரொலித்தது.

"பெரியப்பா?"

தியாகராஜா திரும்பினார். மதனி நின்றாள். கையில் கலியாண அழைப்பிதழ். முதல் அழைப்பிதழைப் பிள்ளையாருக்கு வைக்க வந்திருந்தாள். கண்கள் விரிந்திருந்தன.

"பெரியப்பா, அப்பாவின்ர ரீமுக்கோ அர்ச்சனை செய்யிறியள்?"

"விபூதியை எடு பிள்ளை," என்றார் தியாகராஜா. சுவாமியையும் சரியாகக் கும்பிடாமல் வெளியே வந்துவிட்டார்.

அடுத்த சனிக்கிழமை அவையள் வென்றார்கள்.

இதைத் தெய்வச்செயல் என்பாரும் உண்டு. எதிர் அணியில் இரண்டு பேருக்குக் காய்ச்சல் என்பாரும் உண்டு. எப்படியோ, ஒரே இரவில் கண்டி மாநகரம் புத்துயிர் பெற்றது. அலுமாரிகளின் அடியில் கிடந்த சட்டைகள் வெளியே வந்தன. வருடக்கணக்காக வாய் திறவாதிருந்த ரசிகர்கள் வட்ஸ்அப்பில் கிண்ணத்தின் படத்தைப் போட்டுக் ‘காத்திருங்கள்’ என்று எழுதினார்கள். அஸ்ஃபரின் மகன் கோபத்தில் ரிமோட்டை எறிந்தான். அஸ்ஃபர் அதைப் பொறுக்கியபடி, "அல்ஹம்துலில்லாஹ், இப்பதான் ஊடு ஊடு மாதிரி ஈக்கி" என்றார். தியாகராஜா அன்றைக்கு இரண்டு தரம் சோறு போட்டுச் சாப்பிட்டார். வென்ற கோல் ‘ஓஃப் சைட்’ என்று லீலாதேவியிடம் நெடுநேரம் விளக்கினார். அவர் குரலில் பழைய கம்பீரம் திரும்பியிருந்தது. எதிரி இருக்கிறான் என்ற நிம்மதியை அனுபவித்தவர்களுக்குத்தான் அது தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை காலை படலை கிறீச்சிட்டது. திவாகரன். வீதியில் நிற்கவில்லை. நேரே உள்ளே வந்து, கதிரையில் உட்கார்ந்து, அண்ணனைப் பார்த்தார். கையில் தட்டு எதுவும் இல்லை.

"அண்ணை," என்றார். "மதனி சொன்னவள்."

 அழுதார். சால்வையோ கைக்குட்டையோ இல்லாமல், சட்டைக் கையால் துடைத்துத் துடைத்து அழுதார். லீலாதேவி கரண்டியோடு ஓடி வந்து, பார்த்து, தாமும் அழுதார்.

தியாகராஜா அழவில்லை. ஆராய்ந்தார்.

"ஏன் அழுறாய்?"

"எங்கட ரீமுக்காக நீங்கள் கோயில்லை போய்…"

"உங்களுக்காக இல்லை. நீங்கள் எழும்பி விழவேணும் எண்டதுக்காக."

"எதுக்காகவோ! பேரைச் சொன்னியள்தானே. எல்லாருக்கும் கேக்கச் சொன்னியளாம்."

"அது கிடக்கட்டும். இப்ப அழுறது அவையள் விழுந்ததைப் பாத்தோ?"

பொய் சொல்லியிருக்கலாம். திவாகரனும் அந்தக் குடும்பம்தான். "அவையள் நேற்று வெண்டவை அண்ணை," என்றார் மூக்கை உறிஞ்சியபடி. "நல்ல கோல்."

"ஓஃப் சைட்!"

"நல்ல கோல் அண்ணை."

"அப்ப, அவையள் வெண்ட கிழமையிலை, அவையள் விழாத ஒரு காரணத்துக்காக நீ அழுதிருக்கிறாய்."

"அழுதன்தானே! பிறகும் என்ன வேணும்? போத்திலிலை பிடிச்சுத் தரவோ?"

"இஞ்சருங்கோ, நான் சாட்சி," என்றார் லீலாதேவி. "கண்ணாலை கண்டனான். கண்ணீர்தான். கச்சானும் இல்லை, மிளகாய்த்தூளும் இல்லை."

எந்த அண்ணனும் அந்த இடத்தில் தம்பியின் தோளைப் பிடித்திருப்பான். அதனால்தான் எந்த அண்ணனும் ஒன்றியத்துக்குத் தலைவராவதில்லை. தியாகராஜா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"இது நான் தனிய முடிவெடுக்கிற விசயமில்லை. குழு ஆராயும்."

திவாகரன் எழுந்தார். முகத்தைத் துடைத்தார். "வெள்ளிக்கிழமை பத்தேகாலுக்குக் கன்னிக்கால், அண்ணை. படலையைத் திறந்து வைச்சிருப்பன்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

‘கண்ணீர் பரிசீலனைக் கூட்டம்’ அதே வெள்ளிக்கிழமை, அதே பத்தேகாலுக்கு, வழக்கமான மேல்மாடியில் கூடும் என்று அறிவிக்கப்பட்டது. பஞ்சாங்கத்தில் வேறு நல்ல நேரம் இல்லையா என்று சிலர் கேட்டார்கள். நல்ல நேரத்தில் செய்யவேண்டிய காரியங்களில் கூட்டத்துக்குத் தலைமை வகிப்பதும் ஒன்று என்று தலைவர் விளக்கினார்.

முதலில் இராமகிருஷ்ணனின் தொலைபேசி வந்தது. "சார், வெள்ளிக்கிழம நாங்க கன்னிக்காலுக்குப் போறோங்க. பந்தலுக்குக் கம்பியெல்லாம் நம்ம கடையிலதான் எடுத்தாரு, வீட்டோட வரச் சொல்லியிருக்காரு."

"கொள்கை?"

"கொள்கைக்கு மத்தியானத்துக்கு மேல வர்றேங்க சார்."

அஸ்ஃபர் நேரிலேயே வந்தார். "ஐயா, புள்ளட கூறைச் சாறி எங்கட கடையிலதான் எடுத்த. போகாட்டி சரியில்ல. நீங்களும் வாங்க. வேன் ஈக்கி." சற்று நின்று, குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார். "ஒங்கட தம்பிட ஊட்டுக்கு ஒங்கள நான் கூட்டிட்டுப் போறதுன்டு சொல்ல எனக்கே வெக்கமா ஈக்கி ஐயா."

"ஒன்றியத்தின்ர பொருளாளர் நீங்கள்," என்றார் தியாகராஜா.

"ஓம் ஐயா. ஆனா கூடப்பொறந்த காக்கா தம்பி ரெண்டு பேரும் உசிரோட ஈக்கிற ஊட்டுல கம்ப வேற ஒருத்தர் நடுறதப் பாக்க எனக்கு ஏலா. நான் கெஞ்சிக் கேக்கிறன்."

"கூட்டம் பத்தேகாலுக்கு," என்றார் தலைவர்.

வெள்ளிக்கிழமை காலை லீலாதேவி பட்டுச் சேலை உடுத்து, நிறைகுடத்துக்கு வேண்டிய தேங்காயைப் பையில் வைத்தார். சுந்தரி ரீச்சர் ஓட்டோவில் வந்து வாசலில் நின்றார்.

"நான் போறன்," என்றார் லீலாதேவி. "நீங்கள் தலைமை தாங்குங்கோ."

பிலிமத்தலாவையில் படலை விரியத் திறந்திருந்தது. காற்றுக்குச் சாத்திவிடக் கூடாது என்று திவாகரன் அதை மதிலோடு சேர்த்துக் கயிற்றால் கட்டியிருந்தார். பத்தேகால் ஆயிற்று. குருக்கள் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மதனி படலையைப் பார்த்தாள். இன்னும் கொஞ்சம் பொறுப்போம் என்றார் திவாகரன். கொஞ்சம் பொறுத்தார்கள். நல்ல நேரம் பொறுக்கவில்லை. வவுனியாவிலிருந்து வந்த தாய்மாமன் முருக்கந்தடியைப் பிடித்து ஊன்றினார். தடி சற்றே சரிந்து நின்றது. இராமகிருஷ்ணன் போய் மண்ணை மிதித்து நேராக்கினார்.

கலியாணம் சிறப்பாக நடந்தேறியது. அவையள் இப்போது வரிசையாக வென்றுகொண்டிருக்கிறார்கள். ஒன்றியத்தில் புதிய அங்கத்தவர்கள் சேர்ந்திருக்கிறார்கள். மேல்மாடியில் மேலதிகக் கதிரைகள் போடவேண்டியிருக்கிறது. தலைவரின் தீர்க்கதரிசனத்தைப் பாராட்டாதவர் இல்லை.

ஒரேயொரு வதந்தி மட்டும் உலாவுகிறது. கன்னிக்கால் அன்று தியாகராஜா பிலிமத்தலாவைக்குப் போனாராம். மதிலுக்கு வெளியே ஒரு பலாமரத்துக்குப் பின்னால் ஒதுங்கி நின்று, தடி ஊன்றுவதைப் பார்த்து, சால்வையால் கண்ணைத் துடைத்தாராம். கண்டவர்கள் இருக்கிறார்களாம். கேட்கிறவர்கள், என்ன இருந்தாலும் அண்ணன் அல்லவா என்று உச்சுக் கொட்டுகிறார்கள்.

குடும்பத்தின் மானம் கருதி இதை மறுக்கவேண்டியிருக்கிறது. அவர் அங்கே போகவில்லை. அந்த நேரத்தில் அவர் மேல்மாடியில், தன்னந்தனியாக, கூட்டத்துக்குத் தலைமை வகித்துக்கொண்டிருந்தார். தம்பியின் கண்ணீர் செல்லாது என்று ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது.